பெல்ட் மாத்தினா மட்டும் போதாது: பழைய ரைடிங் மோவர், என் அனுபவம்

செகண்ட் ஹேண்ட் ரைடிங் மோவர் (மேல உக்காந்து ஓட்டிக்கிட்டே புல் வெட்டுற வண்டி) ஒண்ணு வருது வாங்கலாமான்னு நண்பர் கேட்டாரு, பதில் ரொம்ப நீண்டு போச்சு, அதனால மொத்தமா எழுதிடறேன். என்கிட்ட இருக்கறதும் செகண்ட் ஹேண்ட்தான். இன்ஜின்ல ஒரு குறை சொல்ல முடியாது, சாவி திருப்பினா உடனே ஸ்டார்ட் ஆகும், முழங்கால் உயரப் புல்லுல விட்டாலும் திணறாது. என் உசிர வாங்கினது டிரைவ் பெல்ட்.

டெக்குங்கறது வண்டிக்கு அடியில பிளேடு இருக்கற கூடு. டெக் பெல்ட் அந்த பிளேடை சுத்த வைக்கும், அது வேற. நான் சொல்றது இன்ஜின்லேர்ந்து பின்னாடி கியர்பாக்ஸுக்குப் போற பெல்ட், வண்டிய நகர்த்துறதே அதுதான். மேட்டுல ஏறும்போது வண்டி நின்னு நின்னு போகும், ரப்பர் கருகுற வாசனை வரும், கியர்பாக்ஸ் போச்சுன்னு ஆளாளுக்கு பயமுறுத்துவாங்க. முதல்ல பெல்ட்டைக் கழட்டிப் பாருங்க.

என் வண்டியில புது பெல்ட் போட்டா கொஞ்ச நாள் அருமையா ஓடும், அப்புறம் ஓரம் பிஞ்சு நூல் நூலா தொங்கும். வித்தவரும் சரி பாத்த மெக்கானிக்கும் சரி, பெல்ட் குவாலிட்டி சரியில்லன்னு ஒரே பதில், திரும்ப ஒரு பெல்ட்டை மாட்டி அனுப்பிடுவாங்க. எனக்கு ஆத்திரம் தாங்கல. பெல்ட் சும்மா பிய்யாதுங்க, காரணம் கழட்டின பழைய பெல்ட்டுலயே இருக்கும். ரெண்டு பக்கமும் பளபளன்னு வழவழப்பா இருந்தா ஸ்லிப் ஆகியிருக்கு, பெல்ட்டை இறுக்கி வெக்கற ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஒரே இடத்துல மட்டும் கருகி குழி விழுந்திருந்தா பெல்ட் நகராம நிக்க, இன்ஜின் புல்லி (பெல்ட் ஓடுற சக்கரம்) மட்டும் சுத்தி அங்கயே தேய்ச்சிருக்கு, அப்ப பிரேக் பிடிச்சுக்கிட்டு விடாம இருக்கா, எந்தப் புல்லியாவது ஜாம் ஆயிருக்கான்னு பாக்கணும். என்னோடதுல ஒரு பக்க ஓரம் மட்டும் பிஞ்சிருந்தது, மறுபக்கத்துல ஒரு கீறல் கூட இல்ல. அப்படின்னா ஏதோ ஒரு புல்லி மத்ததோட நேர்கோட்டுல இல்ல.

சாவிய எடுத்துட்டு ஸ்பார்க் பிளக் வயரையும் கழட்டி தள்ளி வெச்சுட்டுத்தான் கீழ கை விட்டேன், இத யாரும் விட்டுடாதீங்க. ஐட்லர் புல்லிய, அதாவது ஸ்பிரிங் இழுக்க பெல்ட்டை அழுத்தி இறுக்கமா வெக்கற புல்லிய, கையால சுத்தினா சத்தமே இல்ல, பேரிங் நல்லா இருக்கு. ஆனா புல்லியப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா அது மாட்டியிருக்கற ஆர்மே சேர்ந்து ஆடுது. ஆர்ம் திரும்புற போல்ட்டுக்கான ஓட்டை தேஞ்சு நீளவாக்குல ஓவலா ஆயிருந்தது. ஸ்பிரிங் இழுக்கும்போது ஆர்ம் சாயுது, கூடவே புல்லியும் சாயுது, பெல்ட் ஓரம் புல்லி விளிம்புல உரசுது, அவ்வளவுதான் விஷயம். இது ஏன் யார் கண்ணுலயும் படலன்னா, செக் பண்றவங்க எல்லாரும் பார்க்கிங் பிரேக் போட்டுட்டுத்தான் குனிஞ்சு பாக்கறாங்க. இந்த மாதிரி வண்டியில பிரேக் பெடல் கீழ இருந்தா பெல்ட் லூஸா இருக்கும், புல்லி நேராத்தான் தெரியும். சமதரையில சக்கரத்துக்கு கட்டை வெச்சு, இன்ஜின் ஆஃப்ல பிரேக்க விட்டுட்டுப் பாத்தா சாய்வு பளிச்சுன்னு தெரியும்.

புஷ்ஷும் (ஓட்டைக்குள்ள போல்ட்ட சுத்தி உக்கார்ற குழாய்) போல்ட்டும் புதுசு போட்டு, பெல்ட் வெளிய ஓடாம தடுக்கற கம்பி வளைஞ்சிருந்தத நேராக்கினேன். சீசன் முடிஞ்சுது, அதே பெல்ட், ஓரத்துல பிசிறு கூட இல்ல. இன்னொண்ணு, அளவு ஒத்துப்போகுதேன்னு கார் பெல்ட்ட வாங்கி மாட்டிடாதீங்க. மோவர் பெல்ட்டுக்கு கிளட்ச் வேலையும் சேர்த்து இருக்கு, டென்ஷன் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், முதுகுப் பக்கமும் ஐட்லர் மேல ஓடும், அதுக்குன்னே துணி சுத்தி செஞ்சது. நிறைய மோவர் பெல்ட்டுல உள்ள அராமிட்ங்கற ரொம்ப உறுதியான செயற்கை நூல் இருக்கும்.

இப்ப நண்பருக்கு பதில். நல்ல வண்டி, என்னோடத யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஆனா நீங்க வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். டிரைவ் பெல்ட்ட மாத்தணும்னா டெக்கை முழுசா இறக்கணும், தரையில படுத்துக்கிட்டு கண்ணுக்கே தெரியாத போல்ட்ட ஸ்பேனர் வெச்சு தடவித் தேடணும். தேஞ்சு போகப்போற பார்ட்டுன்னு தெரிஞ்சே அத இப்படி ஒரு மூலையில ஒளிச்சு வெச்சவங்க மேல எனக்கு இன்னும் கோபம் தீரல.