அப்பாவின் குரல்: ஒலிபெருக்கி, குரல் பயிற்சி, 3 வருட அனுபவம்

"கொஞ்சம் சத்தமா பேசுங்கப்பா" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்போம். "நான் கத்திக்கிட்டுத்தான் இருக்கேன், உங்களுக்குத்தான் காது கேக்கல" என்பார் அப்பா. பிடிவாதம் என்று நினைத்தோம். பார்க்கின்சன் நோயில் தன் குரலின் அளவைத் தானே கணிக்கும் திறன் குறைந்துவிடும், முணுமுணுப்புகூட அவருக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் கேட்கும் என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கியபோது, அப்பாவிடம் எரிந்து விழுந்ததெல்லாம் நினைவுக்கு வந்து மனசு கனத்துப்போனது.

அதற்கு முன்பே இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வாங்கியிருந்தோம். இன்னும் உழைக்கிறது. ஆனால் அது சத்தத்தை மட்டும்தான் கூட்டும். பேச்சு குழறினால் குழறலையும் சேர்த்தே பெரிதாக்கும். மைக் வாயை விட்டு விலகினால் குரலைப் பிடிக்காது. சரி என்று சத்தத்தை ஏற்றினால் கீச்சென்று விசிலடிக்கும். அதிலுள்ள பொடி ஸ்விட்சை நடுங்கும் விரலால் அவரால் தள்ளவே முடியவில்லை. வாங்குகிறவர்கள் பெரிய பொத்தான் உள்ளதாகப் பாருங்கள். இப்போது வீட்டில் நாலு பேர் கூடும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறார்.

உண்மையான மாற்றம் எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற, பார்க்கின்சன் உள்ளவர்களுக்கான குரல் பயிற்சியில்தான் வந்தது. வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 1 மணி நேரம், 4 வாரம்: மொத்தம் 16 அமர்வுகள். 'ஆ' என்று மூச்சு நிறைய நீட்டுவது, குரலை ஏற்றி இறக்குவது, தினமும் பேசும் பத்து வாக்கியங்களை உரக்கச் சொல்வது. இதற்கு நடுவே வீட்டுப்பாடமும் உண்டு. முதல் வாரம் களைத்துப்போய், "வேண்டாம், விட்டுடலாம்" என்றார். இதில் பிடித்த விஷயம், உச்சரிப்பு, வேகம், மூச்சு என்று பத்தைத் திருத்தச் சொல்லாமல் 'உரக்க' என்ற ஒன்றை மட்டும் நினைக்கச் சொல்வது. உரக்கப் பேசினாலே வாயும் நன்றாகத் திறந்து, சொற்களும் ஓரளவு தெளிந்துவிடுகின்றன.

கூடவே கைபேசியில் சத்தத்தின் அளவை டெசிபலில் காட்டும் செயலி. ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி காட்டும் என்பதால் எப்போதும் அதே போன், அதே ஒரு முழ தூரம். ஆரம்பத்தில் 58 காட்டியது, பயிற்சி முடிந்தபோது 67. வீட்டுச் சண்டையைத் தீர்த்தது இந்த எண்தான். நாங்கள் சொன்னால் நம்பாதவர், திரையைப் பார்த்துத் தானாகவே குரலை ஏற்றினார்.

இரண்டாம் வருடம் இரண்டு மாதம் விட்டுவிட்டோம். குரல் மறுபடி உள்ளே போய்விட்டது. அப்புறம் இன்றுவரை தினமும் கால் மணி நேரம், மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம் பார்த்து உட்காருகிறோம். நடுக்கத்துக்குக் கேட்கிற அளவு லெவோடோபா என்ற அந்த மருந்து அவர் குரலுக்குக் கேட்பதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் உடம்பு ஒத்துழைக்கிறது.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்று. "என்ன? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது அப்பா பேசுவதையே குறைத்துக்கொண்டார். இப்போது டிவியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, "உரக்கப்பா" என்று மட்டும் சொல்கிறோம். சாப்பிடும்போது பேச்சுக் கொடுப்பதில்லை, புரையேறுகிறது. இரவில் களைப்பில் குரல் இன்னமும் இறங்கத்தான் செய்கிறது. அப்போது அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.