முப்பரிமாண வரைபடத்தில் அச்சுக்குப் பெயர்: மேட்பிளாட்லிப்பா, க்னூபிளாட்டா, பிளாட்லியா?

இருபரிமாணப் படத்தில் அச்சுக்குப் பெயரிடுவது ஒரு வரி வேலை. மூன்றாவது அச்சு வந்ததும் படம் சுழல ஆரம்பிக்கிறது. சுழலும்போது பெயர் எங்கே நிற்பது, எந்தக் கோணத்தில் சாய்வது என்பதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கொள்கை. இலவசமாகக் கிடைக்கும் மூன்றை ஒரே படத்தில் பார்க்கலாம்: ஒரு மோல் நல்லியல்பு வாயு. தரையில் கனஅளவும் வெப்பநிலையும், செங்குத்தாக அழுத்தம். 25 லிட்டர், 300 கெல்வினில் அழுத்தம் ஏறக்குறைய 100 வரும். கிலோபாஸ்கல் என்று எழுதாவிட்டால் அந்த 100க்கு அர்த்தமே இல்லை.

பைத்தான் நிரல்மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்தான் பலருக்கும் முதல் தேர்வு, முதல் எரிச்சலும் அதுதான். அதன் எளிய கட்டளைத் தொகுப்பான பைபிளாட்டில் எக்ஸ்லேபிள் உண்டு, ஒய்லேபிள் உண்டு, ஸெட்லேபிள் கிடையாது. அச்சுப் பொருளின் மேல் செட்_ஸெட்லேபிள் என்று அழைத்தாக வேண்டும். சரி, அழைத்தாயிற்று; நிரலையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஜூப்பிட்டரில் பார்த்தால் செங்குத்து அச்சின் பெயர் வெட்டுப்பட்டிருக்கும். படத்தின் ஓரங்களை ஜூப்பிட்டர் இறுக்கிக் கத்தரிப்பதுதான் காரணம். சேமிக்கும்போது ஓர இடைவெளியான பேட்_இன்ச்சஸை ஏற்றலாம். செட்_பாக்ஸ்_ஆஸ்பெக்ட்டில் ஸூமை 0.85 ஆக்கிப் பெட்டியையே சுருக்குவது எனக்குப் பிடித்த வழி. எண்கள் நீளமாகிப் பெயரின் மேல் ஏறினால், பெயரைத் தள்ளி வைக்க லேபிள்பேட் இருக்கிறது. பெயர் அச்சோடு சேர்ந்து தானாகச் சாயும், வேண்டாமென்றால் நிறுத்தவும் முடியும்.

கட்டளை எழுதிப் படம் வரையும் க்னூபிளாட் பழைய ஆள், 1986இலிருந்து இருக்கிறது. ஸெட் அச்சின் பெயரைக் கிடைமட்டமாகவே எழுதும். 'அழுத்தம் (கிலோபாஸ்கல்)' போல நீளமான பெயர் பாதிப் படத்தை விழுங்கிவிடும். 'ரொட்டேட் பேரலல்' சேர்த்தால் பெயர் அச்சுக்கு இணையாகத் திரும்பும். அப்புறம், படத்தின் தரை எக்ஸ்-ஒய் தளத்தில் இல்லாமல் கீழே இறங்கி நிற்கும். 'செட் எக்ஸ்ஒய்பிளேன் அட் 0' போடாவிட்டால் எண்கள் எங்கே தொடங்குகின்றன என்று பார்ப்பவர் குழம்புவார்.

உலாவியில் சுழற்றிப் பார்க்கும் படம் தரும் பிளாட்லியில் விரலால் சுழற்றினாலும் பெயர்கள் கூடவே வரும், அந்த வசதி மற்ற இரண்டிலும் இவ்வளவு சுகமாக இல்லை. ஆனால் இருபரிமாணப் பழக்கத்தில் படத்தின் அமைப்பைச் சொல்லும் லேஅவுட்டில் நேரடியாக எக்ஸ்ஆக்ஸிஸ் தலைப்பு கொடுத்தால் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. எல்லாம் முப்பரிமாணக் காட்சிக்கான 'சீன்' என்பதற்குள் போக வேண்டும். பெயரிட்ட பிறகும் சர்ஃபேஸ் (பரப்பு) படத்தில் சுட்டியை வைத்தால் எக்ஸ், ஒய், ஸெட் என்றே காட்டும். அதற்கு ஹோவர்டெம்ப்ளேட் தனியாக எழுத வேண்டும். முப்பரிமாண அச்சில், கணிதக் குறியீடுகளை எழுதும் லேடெக் முறையிலான சமன்பாடும் எடுபடாது.

தமிழில் பெயரிட வேண்டுமா? மேட்பிளாட்லிப்பின் இயல்பான டெஜாவு எழுத்துருவில் தமிழ் இல்லை, கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்துரு கொடுத்தாலும், நீண்ட காலமாகப் புழங்கும் பதிப்புகளில் 'வெப்பநிலை'யின் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் விழும். க்னூபிளாட்டில் பிடிஎஃப் கோப்பு தரும் பிடிஎஃப்கெய்ரோ, எழுத்து வேலையை எழுத்துகளை முறையாக அடுக்கும் பாங்கோ நூலகத்திடம் விடுவதால் கொம்பு சரியாக முன்னால் நிற்கும். அச்சடிக்கப் போகும் தமிழ்க் கட்டுரை என்றால் யோசிக்காமல் அதையே எடுப்பேன், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு. வகுப்பில் திரையில் சுழற்றிக் காட்டத்தான் பிளாட்லி.