டேலியா கட்டிங்குக்கு வேர் பவுடர்: நாலு சீசன் போட்டுப் பார்த்த கதை

வெட்டிய துளிர் சீக்கிரம் வேர்விட அதன் அடியில் தொட்டு நடுகிற இந்தப் பவுடரை நான் வாங்கியதே பயத்தில்தான். ஆசையாக வளர்த்த கருஞ்சிவப்பு டேலியாவில் ஒரே ஒரு கிழங்குதான் மிஞ்சியிருந்தது, அதுவும் அழுகினால் கதை முடிந்தது என்று துளிர்களை வெட்டி நட ஆரம்பித்தேன்.

பவுடரில் இருக்கிற சரக்கு ஐபிஏ, அதாவது இண்டோல் பியூட்ரிக் அமிலம். செடி தன் நுனியில் தானே சுரந்து கீழே அனுப்புகிற ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வகையைச் சேர்ந்தது. 0.1, 0.3, 0.8 சதவீதம் என்று பல அளவில் வரும். டேலியா தண்டு இளசு, 0.1 தாராளம். இது தெரியாமல் முதல் சீசனில், முற்றிய குச்சிகளுக்குப் போடுகிற 0.8-ஐ வாங்கி, அதிகம் போட்டால் அதிகம் வேர் வரும் என்ற நினைப்பில் ஒரு அங்குலத்துக்கு அப்பி நட்டேன். பத்தாம் நாள் ஒன்றை மெல்ல இழுத்தால் அடி கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. 12-ல் பிழைத்தது 3.

இப்போது கொஞ்சம் பவுடரை ஒரு மூடியில் தட்டிக்கொள்கிறேன். ஈரத் தண்டை டப்பாவுக்குள்ளேயே விட்டால் மொத்தமும் கட்டி தட்டிவிடும், என் முதல் டப்பா போனது அப்படித்தான். அடியில் ஒரு சென்டிமீட்டர் தொட்டு, மூடி விளிம்பில் ஒரு தட்டு, அவ்வளவுதான். நடுவதற்கு முன் குச்சியால் துளை போட்டுக்கொள்ளுங்கள், நேராகக் குத்தினால் பவுடரெல்லாம் மண் மேலேயே வழிந்து நிற்கும்.

சரி, பவுடர் இல்லாமல் வேர் வராதா? வரும். மூன்றாவது சீசனில் ஒரே செடியில் 20 துளிர் எடுத்து, பாதிக்குப் போட்டேன், பாதிக்குப் போடவில்லை. போட்டதில் 9, போடாததில் 7 வேர் பிடித்தன. இந்த எண்ணிக்கையை வைத்துப் பெரிதாக எதுவும் பேச முடியாதுதான், ஆனால் போட்டவை இரண்டு வாரத்திலேயே சுற்றிலும் வேர்விட்டிருந்தன, மற்றவை கிட்டத்தட்ட நாலு வாரம் இழுத்தடித்து ஒரு பக்கமாக மட்டும் விட்டிருந்தன. லவங்கப்பட்டைத் தூளையும் ஒருமுறை முயன்றேன். பூஞ்சைக்கு வேண்டுமானால் அது ஏதாவது செய்யும், அதில் ஹார்மோன் எல்லாம் கிடையாது.

உண்மையில் பவுடரைவிட வெட்டுகிற நேரம்தான் பெரிய வித்தியாசம் காட்டியது. துளிர் மூன்று அங்குலம் வந்ததுமே எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் தண்டு உள்ளே குழலாகிவிடும், அதை நட்டால் பெரும்பாலும் அழுகத்தான் செய்கிறது. வெட்டிய முகத்தைப் பாருங்கள், நடுவில் ஓட்டை தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும், அதோடு கிழங்கை ஒட்டி ஒரு கணுவாவது மிச்சமிருந்தால் அங்கிருந்து மறுபடி துளிர்க்கும். செடிக்குச் செடி பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள், சோம்பல் பட்டால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும்.

நடுகிற கலவை, பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்துகளும் தென்னைநார்த் தூளும் பாதிக்குப் பாதி, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, அதைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைப்பேன். வேர்ப்பகுதி 20 டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. வெளிச்சம்தான் என்னை இரண்டாவது சீசனில் ஏமாற்றியது. வேர் பிடித்தும் செடி வளராமல் குந்திக்கொண்டே இருந்தது, பிடுங்கிப் பார்த்தால் அடியில் கடலை அளவுக்குக் கிழங்கு! பகல் குறுகினால் டேலியா வளர்ச்சியை விட்டுக் கிழங்கு கட்டப் போய்விடும். அப்புறம் விளக்கு வைத்து 14 மணி நேர வெளிச்சம் கொடுத்தேன், கிளம்பிவிட்டது.

அந்தக் கருஞ்சிவப்பு டேலியாவின் பழைய கிழங்கு அதே சீசனில் அழுகித்தான் போனது. அதற்குள் அதன் கட்டிங்குகள் ஐந்து வேர் பிடித்திருந்தன, சீசன் முடிவில் தோண்டியபோது ஒவ்வொன்றின் அடியிலும் கைப்பிடி அளவுக்குக் கிழங்கு. மறுபடி பவுடர் வாங்குவேனா என்றால், வாங்குவேன், இருப்பதிலேயே சின்ன டப்பாவாக.