உப்புக்காற்றில் ஒரு போர்க்களம்: பிளாஸ்டரா, மீன்பெட்டித் தெர்மாகோலா?

நவராத்திரிக்குக் கொலுப்படியின் கீழே மணல் கொட்டி, கடுகு முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிப் ‘பார்க்’ போட்ட கைகளுக்கு டயோரமா, அதாவது ஒரு காட்சியைச் சின்ன அளவில் பொம்மைகளோடு செய்துவைப்பது, ஒன்றும் புதிதில்லை. செட்டியார் பொம்மை நின்ற இடத்தில் துப்பாக்கி தூக்கிய சிப்பாய் நிற்கிறான், அவ்வளவுதான். ஆனால் கொலுவைப் பத்து நாளில் கலைத்துவிடுவோம். இது வருடக்கணக்கில் நிற்க வேண்டும். வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல் என்று நடுவில் மாட்டிக்கொண்ட, இராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் அது லேசான காரியமில்லை. கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடித்து உதிர்கிற ஊர் இது.

என் முதல் களம் 1942, எகிப்துப் பாலைவனத்தின் எல் அலமைன். பிரிட்டிஷ் எட்டாவது படைச் சிப்பாய்கள், 1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் பொம்மைகள். அந்தப் படையில் இந்திய டிவிஷன்களும் இருந்தன என்பதால் ஒரு கூடுதல் பிரியம். தரையை முழுக்கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தேன். பாறையின் கூர்மையும் வெடிப்பும் அதில் வருகிற மாதிரி வேறு எதிலும் வராது. தண்ணியாகக் கரைத்த பெயின்ட்டை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நான் கலக்கியது வீட்டு போர்வெல் உப்புத் தண்ணீரில். உப்பு கலந்தால் பிளாஸ்டர் சீக்கிரமே இறுகும். கரண்டியோடு சேர்ந்து கிண்ணத்திலேயே கல்லாகிவிட்டது. இரண்டாம் முறை வேகமாக ஊற்றித் தப்பித்தேன். ஐப்பசி மழை வந்ததும், பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பொரிவதுபோல, பாலைவனம் முழுக்க வெள்ளை பூத்தது. பெயின்ட் செதில் செதிலாக உரிந்தது. பிளாஸ்டர்தான் வேண்டுமென்றால் கேன் தண்ணீரில் கலக்குங்கள். தண்ணீரில் மாவைத் தூவுங்கள், மாவில் தண்ணீரை ஊற்றாதீர்கள். அப்போதும் கனம் குறையாது. இரண்டடிப் பலகையை அலமாரிக்குத் தூக்க ஆள் கூப்பிட வேண்டியிருந்தது.

இந்தப் பக்கம் தெர்மாகோல். மீன் இறங்கும் இடங்களில் உடைந்த ஐஸ் பெட்டிகள் கிடக்கும்; டிவி வாங்கினால் வரும் பேக்கிங் தெர்மாகோலைவிட இது கெட்டி. சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் போட்டால் வாடை போய்விடும் (வீட்டில் உள்ளவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை). ஏறக்குறைய முழுக்கக் காற்றுதான் என்பதால் கனமே இருக்காது, தண்ணீரும் குடிக்காது. கஷ்டம் வேறு மாதிரி. பிளேடு வைத்தால் முத்து முத்தாக உதிர்ந்து ஃபேன் காற்றில் வீடெங்கும் பறக்கும். ஸ்ப்ரே பெயின்ட்டோ செருப்புக்கு ஒட்டும் பசையோ பட்டால் உருகிக் குழிவிழும். ஃபெவிகாலும் அக்ரிலிக் பெயின்ட்டும் மட்டும்தான் அதற்கு ஒத்துவரும். வெட்டி முடித்ததும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் செய்தித்தாளை நனைத்து இரண்டு சுற்று ஒட்டிவிட்டால் முத்தெல்லாம் மறைந்துவிடும்.

என் ஓட்டு தெர்மாகோலுக்கு. பிளாஸ்டரைத் தூக்கி எறியவில்லை. பாறை தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் தோசைக் கனத்துக்குப் பூசுகிறேன். அடிப்பலகைக்கு ஃப்ளெக்ஸ் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு என்கிற நுரை பிளாஸ்டிக் பலகை போதும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை ஈரத்தில் ஊதிவிடும். காகிதக் கூழைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அழகாகத்தான் வரும், ஆனால் மழைக்காலத்தில் காயாது, பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையைத் தடுக்க மயில்துத்தம் கலந்து பார்க்கும் பொறுமை எனக்கில்லை.

அப்புறம் மணல். கடற்கரையிலேயே இருந்துகொண்டு மணலுக்கு யோசிப்பதா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரை மில்லிமீட்டர் மணல், 1/72 சிப்பாயின் காலடியில் 36 மில்லிமீட்டர் ஜல்லி! 54 மில்லிமீட்டர் உயரப் பொம்மைக்கு, அதாவது சுமார் 1/32 அளவுக்கு, அதே மணல் 16 மில்லிமீட்டர் கூழாங்கல்; அது பரவாயில்லை. நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசாத கடல் மணல் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் என்பது இன்னொரு தலைவலி. சின்னப் பொம்மைகளுக்குக் கண்மாய் வண்டலை இடித்து, வேட்டித் துணியில் சலித்த தூள்தான் சரி. அதையே குழைத்துக் கொஞ்சம் கனமாகப் பூசினால், காயும்போது தானாகவே வறண்ட கண்மாய்போல வெடித்துக்கொள்ளும். எந்தக் கடையிலும் அந்த வெடிப்பை விற்கமாட்டார்கள். பவளக் கல்லை மட்டும் தொடாதீர்கள். கரையில் செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் சட்டப்படி குற்றம்.

இப்போது செய்துகொண்டிருப்பது நம்மூர்க் காட்சி: 1772ல் ஆற்காடு நவாப் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தது. சிவப்புச் சட்டைக்காரர்களை 54 மில்லிமீட்டரில் வைக்க ஆசை. தடுத்தது பனைமரம். 18 மீட்டர்ப் பனை 1/32ல் 56 சென்டிமீட்டர். அலமாரித் தட்டில் நுழையாது. 1/72ல் 25 சென்டிமீட்டர்தான். முகமும் பொத்தானும் தெரிய வேண்டுமென்றால் பெரிய அளவு, ஊர் தெரிய வேண்டுமென்றால் சின்ன அளவு. நான் ஊரைத் தேர்ந்தெடுத்தேன். தண்டுக்குக் கம்பியில் சுற்றிய தேங்காய் நார், மட்டைக்கு விசிறியாய் மடித்து வெட்டிய காகிதம், புதருக்குக் காய்ந்த வேர். சீமைக்கருவேலக் குச்சி கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 1772ல் இங்கே அந்த மரம் ஏது?

காட்சியில் வரும் தண்ணீருக்கு, ஊற்றினால் கண்ணாடிபோல இறுகும் எபாக்ஸி ரெசினா வார்னிஷா என்று ரொம்ப நாள் குழம்பினேன். ரெசின் ஆழம் காட்டும். மொத்தமாக ஊற்றினால் சூடேறித் தெர்மாகோலையே தின்றுவிடும், ஈரக்காற்றில் மேலே மங்கலும் படியும். பெயின்ட் அடித்த தரைமேல் நாலு கோட் பளபள வார்னிஷ் போதும். கண்மாயைக் கோடையில் காட்டிவிட்டால் அதுவும் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் யாரும் குறைசொல்லமாட்டார்கள்.

மூடிவைக்க அக்ரிலிக் பெட்டிதான். ஈயப் பொம்மை வைத்திருப்பவர்கள் பிளைவுட் பெட்டியையும், புளிக்காடி வாடை அடிக்கும் சிலிகான் பசையையும் தவிருங்கள். அவை விடுகிற அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். என்னிடம் ஈயத்தில் நாலே நாலு பேர் இருக்கிறார்கள். கோட்டை முடியும்வரை அவர்களுக்கு எவர்சில்வர் டிபன் டப்பாதான் பாசறை.