சரிபார்ப்பு அட்டை அச்சிட்ட கடை: விடுபட்ட ஒரு வரி

கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் ஆறு பேர் சனிக்கிழமை மாலைகளில் கணினியில் போயிங் 737 விமானத்தை ஓட்டிப் பழகுகிறார்கள். இருவர் அருகருகே அமர்வார்கள்; ஒருவர் சரிபார்ப்பு அட்டையை வாசிக்க, மற்றவர் கருவியைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்த அட்டைகளை மட்டக்களப்பு நகரிலுள்ள சிறிய அச்சகம் ஒன்றில் அச்சிட்டு லெமினேட் செய்வித்தேன். ஏ4 அளவில் இருபக்க அச்சுடன் அட்டை ஒன்றுக்கு 250 ரூபா. விலை நியாயமானது, சொன்ன நாளிலேயே வேலையும் முடிந்திருந்தது.

ஆனால் முதல் தொகுதி பயன்படவில்லை. பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்ததால், வாவிப் பக்கமிருந்து சாய்வெயில் யன்னலுக்குள் வந்ததும் பாதி வரிகள் மறைந்தன. அழகுக்காக எல்லாச் சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு மாற்றியிருந்தார்கள். அப்படி எழுதிய நீண்ட வரிகளைக் கண் மெதுவாகத்தான் வாசிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்பாட்டுக்கு முந்தைய பட்டியலில் ‘பிளாப்’ (விமானம் மேலெழ உதவ இறக்கையின் விளிம்பில் இறக்கும் தகடு) என்ற வரியே இல்லை. கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்தபோது அது விடுபட்டிருக்கிறது. மாதிரிப் பிரதியை மேலோட்டமாகப் பார்த்துச் சம்மதம் சொன்ன நானும் அதைக் காணவில்லை.

இரண்டு வாரம் ஒருவருக்கும் அது தெரியவில்லை, ஏனெனில் பிள்ளைகள் பழக்கத்தில் பிளாப்பைத் தாமாகவே இறக்கி வந்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை ஒருவர் அதை மறந்தார். என்ஜின் விசையைக் கூட்டியதும் எச்சரிக்கை ஒலி அலறியது. அருகில் இருந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேர், இதில பிளாப்பே இல்லையே” என்றார்.

1987 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நோர்த்வெஸ்ட் 255 என்ற பயணிகள் விமானம் புறப்பட்டபோது அந்த ஒலி எழவில்லை. எச்சரிக்கை அமைப்புக்கு மின்சாரம் வராதிருந்தது. பிளாப்பை இறக்காமலே விமானம் எழும்பி விழுந்தது. தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 156 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே உயிர் தப்பினாள். விமானிகளிடம் பட்டியல் இருந்தது, அனுபவமும் இருந்தது. விமானம் ஓடுபாதைக்கு நகரும்போது வாசிக்க வேண்டிய பட்டியலை அவர்கள் பயன்படுத்தவில்லை என்பதே விசாரணையின் முடிவு. 2005 இல் ஹீலியோஸ் 522 என்ற பயணிகள் விமானத்தில் நடந்தது வேறு வகை. விமானத்துக்குள் காற்றமுக்கத்தைப் பேணும் கட்டுப்பாட்டு ஆளி தவறான நிலையில் இருந்தும், பட்டியல்களைக் கடந்து வந்த கண்களுக்கு அது படவில்லை. 121 பேர் இறந்தார்கள். இருக்கும் என்று எதிர்பார்க்கும் நிலையைத்தான் கண் பெரும்பாலும் காண்கிறது. அதனால்தான் 1990 இல் நாசாவுக்காக இதை ஆராய்ந்த டெகானியும் வீனரும், பதில் வெறும் ‘சரி’ என்றிராமல் அந்தக் கருவியின் நிலையையோ அளவையோ சொல்ல வேண்டும் என்றார்கள்.

அட்டைகளைத் திருப்பிக் கொண்டு போனபோது கடைக்காரர் வாதாடவில்லை. மறுபடி அச்சிடப் பணமும் வாங்கவில்லை. இந்த முறை அங்கு வேலை செய்யும் தங்கச்சி எனது பிரதியை வரிவரியாக உரத்து வாசித்தார். கணினியில் இருந்த தம்பி திரையில் விரல் வைத்து, அங்கு உள்ள சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னார். ஓரிடத்தில் எண் ஒன்று மாறியிருந்தது அப்படித்தான் பிடிபட்டது. இது அவர்களாகவே கண்ட முறை. இதற்காக மட்டுமே இந்தக் கடையை மற்றவர்களுக்கும் சொல்வேன்.

இரண்டாம் தொகுதியில் எழுத்து தெளிவாக, இடைவெளியும் போதுமானதாக உள்ளது. பளபளப்பில்லாத உறை கடையில் இருக்கவில்லை. கல்முனையிலிருந்து வரவழைக்க நான்கு நாள் ஆனது. அட்டைகள் மூன்று மாதமாகப் பிள்ளைகளின் கையில் புழங்குகின்றன. ஓரங்கள் பிரியவில்லை, நூல் கோக்கத் துளையிட்ட மூலையில் மட்டும் சற்று ஈரம் இறங்கியிருக்கிறது. துளையை லெமினேட் செய்வதற்கு முன்பே போட்டு, சுற்றி உறை ஒட்ட இடம் விடச் சொல்லுங்கள். மாதிரிப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல், அங்கேயே அமர்ந்து அந்தத் தங்கச்சியுடன் வாசியுங்கள்.