தஞ்சாவூர் ஓவியம் ஆன்லைனில் கற்கிறவர்கள் கவனத்துக்கு: நான் செய்த தப்பைப் பாடமாக்கி விற்றார்கள்

நான் யாருக்கும் தஞ்சாவூர் ஓவியம் சொல்லிக் கொடுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆடி மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். "அக்கா, நீங்க காட்டின மாதிரியேதான் மக்கு போட்டேன். எல்லாம் வெடிச்சுப் போச்சு. தங்கத் தாளும் வீணாப் போச்சு." (மக்கு என்றால் ஓவியத்தில் புடைப்புக்காகப் போடும் பூச்சு.) கூடவே ஒரு போட்டோ. வெண்ணெய்ப் பானையோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணர். தலைக்கு மேல் மண்டபம். அந்த மண்டபத்துத் தூண் முழுக்க, வற்றிய குளத்துத் தரை மாதிரி விரிசல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். 3,500 ரூபாய் கட்டி ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். பதிவு செய்த வீடியோக்கள்தான் பாடம். ஆசிரியரின் முகம் எங்கேயும் வராதாம், கை மட்டும்தான். பிறகு ஒருநாள், நான் ஓவிய வீடியோக்கள் போடுகிற என் இணையப் பக்கத்தில் அதே கையைப் பார்த்ததும் நான்தான் அந்த ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டார். அவர் அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். என் வளையல், எங்கள் வீட்டு மொசைக் தரை, நான் கோந்து கரைக்கிற எவர்சில்வர் மூடி. குரல் மட்டும் வேறு யாருடையதோ.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிளைவுட் பலகையில் துணி ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் கலந்து பூசித் தேய்த்து, அதன்மேல் படம் வரைவோம். கல் பதித்த பிறகு, நகையும் தூணும் புடைத்துத் தெரிவதற்காகப் போடுவதுதான் மக்கு. அதுவும் சாக் பவுடரும் கோந்தும்தான், பதம் மட்டும் வேறு. அதன்மேல் 22 கேரட் தங்கத் தாளை ஒட்டுவோம். வண்ணம் கடைசியில்தான். மக்கு வெடித்தால் மேலே இருக்கிற தங்கமும் சேர்ந்து வெடிக்கும். உரித்து எடுத்து இன்னொரு தடவை பயன்படுத்த முடியாது. மொத்தச் செலவில் பெரும்பங்கு அந்தத் தாளுக்குத்தான் போகும்.

2022-இல் கற்க ஆரம்பித்தபோது முதல் பலகையில் மக்கை ஒரே தடவையில் தடிமனாக வைத்து, மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். அன்றைக்கு எடுத்த வீடியோவில் அது வெண்ணெய் மாதிரி வழவழப்பாக அழகாகத்தான் இருக்கும். விரிசல் மறுநாள்தான் விட்டது. அதையும் மறைக்காமல் தனி வீடியோவாகப் போட்டேன். என் டீச்சர் சொன்னதையும் அதில் சொல்லியிருந்தேன்: மெல்லிசாக வைக்க வேண்டும், ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய்ந்த பிறகே அடுத்தது. வகுப்பு நடத்தியவர்கள் முதல் வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள். நான் தடுமாறிய இடம் அங்கே 'மூன்றாம் பாடம்' ஆகியிருந்தது. பணம் கட்டிய எத்தனை பேர் அதைப் பார்த்துத் தங்கத் தாளை வீணாக்கினார்களோ! அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அந்த வீடியோக்கள் அவர்கள் கைக்கு எப்படிப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். நானேதான் அனுப்பினேன். அந்தப் பெண் எழுதுவதற்கு ஆறு மாதம் முன்பு மரியாதையாக ஒரு மெசேஜ் வந்தது. "அக்கா, கைவினைக் கலைஞர்களை எங்க பக்கத்துல அறிமுகப்படுத்துறோம். உங்க பேர் எழுதாத, தெளிவான காப்பி கிடைக்குமா?" பெயர் எழுதாத காப்பி எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். 14 வீடியோக்களை டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தேன். "சரி தம்பி, போட்டுக்கோங்க" என்று எழுதினேன். வகுப்பைப் பற்றிக் கேட்டபோது அந்த ஒரு வரியைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பினார்கள், நான் அனுமதி கொடுத்துவிட்டதாக. அதன்பின் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

அறிமுகத்துக்குக் கொடுத்தது விற்பனைக்குக் கொடுத்தது ஆகாது. தெரிந்த வக்கீல் ஒருவர் விளக்கிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பை உருவாக்கியதுமே உரிமை நமக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவு நல்ல ஆதாரம். ஓவியத்தைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய்தான். இன்னொன்றும் சொன்னார்: மக்கு போடும் முறைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அது நியாயம்தான், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வேலை இது. யார் வேண்டுமானாலும் சொல்லித் தரட்டும், அவர்கள் கையால் செய்து காட்டட்டும். நான் எடுத்த வீடியோவை விற்பதைத்தான் தட்டிக் கேட்கிறேன்.

வீடியோக்கள் ஏற்றப்பட்டிருந்த தளத்துக்கு முதலில் எழுதிய புகாருக்கு இயந்திரப் பதில்தான் வந்தது. இரண்டாவது தடவை வக்கீல் சொன்னபடி, ஒவ்வொரு வீடியோவின் லிங்க்கையும், என் போனில் தேதியோடு இருந்த அசல் கோப்பின் விவரத்தையும் தனித்தனியாகக் கொடுத்தேன். 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் வீடியோவை முடக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட்டேன். அப்புறம் 11 வீடியோக்கள் போயின. மூன்று இன்னும் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அசல் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. இடம் போதவில்லை என்று தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

உங்களிடமும் யாராவது கேட்டால், எதற்காக, எங்கே, எவ்வளவு நாளைக்கு, விற்பனைக்கு இல்லை என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். நான் இப்போது பெயரைப் படத்தின் ஓரத்தில் போடுவதில்லை, வெட்டிவிடுகிறார்கள். கை வேலை செய்கிற இடத்திலேயே, பலகைமேல் சின்னச் சீட்டில் எழுதி வைத்துப் படம் எடுக்கிறேன். சொதப்பலையும் அதன் திருத்தத்தையும் ஒரே வீடியோவில்தான் போடுகிறேன்.

வகுப்பில் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஆசிரியரை நேரலையில் பத்து நிமிடம் மக்கு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுநாள் காய்ந்த பலகையையும் காட்டச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பணம் அனுப்பிய ரசீதும், வகுப்பு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும்.

கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் பணம் இன்னும் திரும்ப வரவில்லை. அவரும் புகார் கொடுத்திருக்கிறார். தூணில் இருந்த மக்கை ஈரத்துணி வைத்து ஊறவிட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார். போன வாரம் வீடியோ காலில் நானும் கூட இருக்க, முதல் மெல்லிய பூச்சு வைத்திருக்கிறார். அது இப்போது அவர் வீட்டுக் கூடத்து நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது.