தாடிக்காரர் முகம் பதித்த ஜாடி: கேப் டவுனில் வாங்கிய ஒரு பழம்பொருள்

சென்ற ஆண்டு டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் போயிருந்தபோது, அங்குள்ள பழம்பொருள் கடை ஒன்றில், கழுத்தில் தாடிக்காரர் முகம் பதித்த ஸ்டோன்வேர் (கடும் வெப்பத்தில் சுட்டு இறுகிய மண்பாண்டம்) ஜாடி ஒன்றை 14,000 ராண்ட் கொடுத்து வாங்கினேன். ஜெர்மனியின் கொலோன் நகரிலும் அதையடுத்த ஃப்ரெக்கன் ஊரிலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெருவாரியாகச் செய்யப்பட்ட வகை இது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களில் இவற்றை ஏற்றிச் சென்றது. 1629இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையோரம் உடைந்த பட்டாவியா கப்பலிலிருந்தும் இவை மீட்கப்பட்டுள்ளன. அதே கம்பெனி 1652இல் கேப்பில் குடியேற்றம் அமைத்ததால், இந்த ஊரில் இப்படி ஒரு ஜாடியைப் பார்ப்பது எனக்கு வியப்பாக இல்லை.

முகத்தைவிட என்னை ஈர்த்தது அதன் மேற்பரப்புதான். சூளை 1,200 பாகை செல்சியஸைத் தாண்டிக் கனலும்போது குயவர்கள் உப்பை உள்ளே வீசுவார்கள்; அது ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு கூடி, கண்ணாடி போன்ற மெருகாகப் படிகிறது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் வழவழப்பு இதில் இல்லை. ஆரஞ்சுத் தோலைத் தடவுவது போல் விரலுக்குச் சொரசொரக்கிறது. ஒரு பக்கம் புலித்தோல் போலப் பழுப்புப் புள்ளிகள் திரண்டிருக்க, மறுபக்கம் சாம்பல் நிறமாகவே நின்றுவிட்டது. சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்தெடுத்த வளைவுக் கோடுகள் அடிப்புறத்தில் தெளிவாக இருப்பதும், உட்புறத்தில் அச்சு வார்ப்பின் இணைப்புத் தடம் இன்றி விரல் சுற்றிய வரிகளே தெரிவதும், இது கையால் வனையப்பட்டது என்ற என் நம்பிக்கையை உறுதி செய்தன.

கடைச் சீட்டில் இது கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் பெல்லர்மினின் முகம் என்று எழுதியிருந்தார்கள். அவர் பிறந்தது 1542இல். அதற்கு முன்பே கொலோன் குயவர்கள் தாடி முகங்களைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அந்தப் பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டதே.

என் உண்மையான வருத்தம் கைப்பிடியைப் பற்றியது. அது ஒருமுறை உடைந்து ஒட்டப்பட்டிருப்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை; வீட்டில் புற ஊதா விளக்கைக் காட்டியபோது பசை வெளிறி ஒளிர்ந்தது. தொலைபேசியில் முறையிட்டதும் மறுபேச்சின்றி 2,000 ராண்ட் திருப்பித் தந்தார்கள். ஆனாலும் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். வாங்குபவர்கள் கைப்பிடியின் இரு முனைகளையும் முதலில் பார்க்கட்டும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சூனியத்தை முறிக்க இத்தகைய ஜாடிகளில் ஊசிகளும் சிறுநீரும் அடைத்து அடுப்பங்கரையிலோ நிலைப்படியிலோ புதைத்தார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். வெள்ளிதோறும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறவர் அவர்; ஜாடியைத் தாமே தூக்கிச் சென்று எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டின் தலைவாசலைப் பார்த்தபடி வைத்துவிட்டார்.